கைக்குட்டையில் இரத்தம் வரும்வரை காத்திருக்காதீர்கள்

"இருமேக்க இரத்தம் வரேல்லையே, பிறகெப்பிடிக் கசமாகும்?" காசநோய்ப் பரிசோதனைக்கு வரச் சொன்னால் யாழ்ப்பாணத்தில் அடிக்கடி திரும்பி வரும் கேள்வி இது. கேட்பவர்களில் நன்றாகப் படித்தவர்களும் இருக்கிறார்கள். நாயகி இருமுவாள், வெள்ளைத் துணியில் ஒரு சிவப்புப் பொட்டு விழும், அத்தோடு அவள் முடிவு எங்களுக்குத் தெரிந்துவிடும். படங்களும் நாவல்களும் இப்படித்தான் எங்களைப் பழக்கிவிட்டன. காசநோயைப் பற்றிப் புகழ்பெற்ற நாவல்கள் என்ன சொல்கின்றன என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எங்கள் நோயாளிகள் ஏன் பிந்தி வருகிறார்கள் என்பதும் ஓரளவு விளங்கும்.

அந்தச் சிவப்புப் பொட்டைப் பிரபலமாக்கியது 1848இல் பிரெஞ்சு எழுத்தாளர் இளைய துயூமா எழுதிய 'லா தாம் ஓ கமேலியா' நாவல். விருந்தின் நடுவில் நாயகி மார்கரீத்துக்கு இருமல் வருகிறது. உதட்டில் வைத்த துணியில் ஒரு துளி இரத்தம். அவள் எழுந்து உள்ளே போக, பின்னால் போகும், அவளை விரும்பும் அர்மான் அங்கே ஒரு வெள்ளிப் பாத்திரத்தைக் காண்கிறான். அதிலுள்ள தண்ணீரில் இரத்தம் இழை இழையாக ஓடுகிறது. அவன் தன் அன்பைச் சொல்வதும் அந்த இடத்தில்தான். மெலிந்த உடல், சிவந்த கன்னம், மினுங்கும் கண் எல்லாம் அவள் அழகோடு சேர்ந்துவிடுகின்றன. மருத்துவரின் கண்ணுக்கு அந்தச் சிவப்பு காய்ச்சலின் சிவப்பு, அந்த மெலிவு மாதக்கணக்கான நிறைக்குறைவு. இரத்தம் பெரும்பாலும் நுரையீரல் அரித்துக் குழி விழுந்த பிறகு வருவது. கடைசிவரை ஒரு துளி இரத்தமும் காணாத நோயாளிகள் ஏராளம். இரண்டு கிழமைக்கு மேல் நிற்கும் இருமல், பின்னேரத்தில் ஏறும் மெல்லிய காய்ச்சல், இரவில் நனையும் தலையணை, பசியின்மை, தளரும் உடுப்பு. இவைதான் முதல் அடையாளங்கள், கதைக்கு உதவாத சாதாரண அடையாளங்கள். சுருட்டு இருமல், பனி, தூசு என்று பெயர் வைத்து, பாமசியில் பாணி மருந்து வாங்கிக் குடித்து மூன்று மாதம் போக்குவதற்கு இவை நன்றாக இடங்கொடுக்கும்.

அதற்கு முந்திய ஆண்டு, 1847இல் வந்த 'ஜேன் அயர்' நாவலில் இந்த நோய் ஒரு நல்ல பிள்ளையை அமைதியாகக் கொண்டுபோகிறது. விடுதிப் பள்ளியில் தோழி ஹெலனுக்குச் சயரோகம், அதாவது காசநோய், என்று கேட்ட ஜேன், நாளாக நாளாக, கவனித்தால் சுகம் வந்துவிடும் என்று எண்ணுகிறாள். இரவில் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரே கட்டிலில் தூங்குகிறாள். விடியும்போது ஹெலன் உயிரோடு இல்லை. இதை எழுதிய சார்லட் பிரோன்டியின் சொந்த அக்காமார் இருவர் 1825இல் இப்படியொரு விடுதிப் பள்ளியில் நோயாகிக் காலமானவர்கள், அதனால் அந்தப் பக்கங்களில் பொய் இல்லை. ஆனால் நோய் காற்றில் பரவும் என்பது அன்று எவருக்கும் தெரியாது. அதே 1847இல்தான் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். பின்னர் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த அவரிடமும் அன்று இதற்கு விடை இருக்கவில்லை. ஜேர்மன் மருத்துவர் ரொபர்ட் கொக் காசநோய்க் கிருமியைக் கண்டதாக அறிவித்தது 1882 மார்ச் 24ஆந் திகதி. அதற்கு முந்திய நாவலாசிரியர் பரம்பரை நோய் என்று எழுதினால் குற்றமில்லை. இன்றும் 'குடும்பத்து வருத்தம்' என்று ஒளித்து, பிள்ளையின் கல்யாணப் பேச்சு முடியட்டும் என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுவதை ஏற்க முடியாது.

என் கணக்கில், கிருமியை அறியாமலே இந்த நோயை மிகச் சரியாக எழுதியவர் ருஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி. 'குற்றமும் தண்டனையும்' 1866இல் வந்தது. அதற்கு இரண்டாண்டுக்கு முன் அவருடைய முதல் மனைவி இதே நோயால் இறந்திருந்தார். அந்த நாவலில் காசநோயோடு வாழும் தாய் கத்தரீனா இவானவ்னாவின் அறையைப் பாருங்கள். மற்றவர்கள் கடந்து போகும் ஒடுங்கிய அறை. உள்ளே புழுக்கம், ஆனால் சன்னல் திறக்கவில்லை. அடுத்த அறைகளிலிருந்து புகையிலைப் புகை வருகிறது, அவள் இருமிக்கொண்டே நடக்கிறாள். கன்னத்தில் சிவப்புத் திட்டு. அதே அறையில் மூன்று பிள்ளைகள், ஒன்று தரையில் இருந்தபடியே தூங்குகிறது. இங்கே நோய்க்கு அழகில்லை. வறுமை, புகை, நெருக்கம், பூட்டிய சன்னல், இவைதான் இருக்கின்றன. ('ஏழை படும் பாடு' என்று சுத்தானந்த பாரதியார் தமிழாக்கிய இயூகோவின் நாவலில் சட்டை தைத்தே இருமும் பாந்தீனும் இந்த வீட்டுக்கு உறவுதான்.)

அந்தச் சன்னலைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போது வெளிவரும் நுண்ணிய துளிகள் மூடிய அறையில் மணிக்கணக்காக மிதக்கும். காற்றோடும் அறையில் அவை கலைந்துவிடும். எங்கள் வீடுகளில் மார்கழி, தை வந்தால் பனி பிடிக்கும் என்று எல்லாச் சன்னலையும் சாத்துகிறோம். ஆனால் நோயாளிக்குத் தனிக் கோப்பை, தனிப் பீங்கான், அதைச் சுடுதண்ணீரில் அவித்தல் என்று பெரிய ஏற்பாடு நடக்கும். கோப்பையால் இது தொற்றாது, உடுப்பாலும் தொற்றாது. எதிரெதிரே இரண்டு சன்னல்களைத் திறந்து வையுங்கள், இருமும்போது வாயை மூடச் சொல்லுங்கள், சாப்பாட்டை எல்லோரும் சேர்ந்தே சாப்பிடுங்கள். கழுத்துக் கட்டியிலோ முள்ளந்தண்டிலோ மட்டும் வந்த காசநோய் மற்றவருக்குத் தொற்றுவதே இல்லை.

ஜேர்மன் எழுத்தாளர் தோமஸ் மன்னின் 'மந்திர மலை' நாவல் 1924இல் வந்தது. கிருமி தெரியும், எக்ஸ்ரே இருக்கிறது, மருந்து மட்டும் இல்லை. மூன்று கிழமைக்கென்று சுவிற்சர்லாந்தின் டாவோஸ் மலையூரிலுள்ள காசநோய்ச் சுகாதார நிலையத்துக்குப் போகும் நாயகன் ஹன்ஸ் ஏழு வருடம் அங்கேயே தங்கிவிடுகிறான். வெப்பமானி, மாடத்தில் படுக்கை, சட்டைப்பையில் சளி துப்பும் நீலப் போத்தல், இதுதான் வாழ்க்கை. அவன் ஒன்றுவிட்ட சகோதரன் யோவாகிம் பொறுமையிழந்து, மருத்துவர் தடுத்தும் படைக்குப் போகிறான், நோய் முற்றித் திரும்பி வந்து சாகிறான். அந்த அவசரத்தை நாங்கள் இப்போதும் காண்கிறோம். ஏழு வருடம் இன்று ஆறு மாதமாகிவிட்டது. முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், பிறகு 4 மாதம் இரண்டு. அரசாங்கத்தில் இலவசம். ஒரு மாதத்தில் இருமல் அடங்கி, பசி வந்து, நிறை ஏறத் தொடங்கியதும் 'சுகம்தானே' என்று குளிசையை நிறுத்துகிறார்கள். மெதுவாக வளரும் கிருமிகள் அப்போதும் உள்ளே உயிரோடு இருக்கும். மிஞ்சியவை மருந்துக்கு மசியாதவையாக மாறலாம்.

நான்கு மருந்து எதற்கு என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 1948இல் ஆங்கில எழுத்தாளர் ஜோர்ஜ் ஒர்வெலுக்குக் காசநோய்க்காக ஸ்ரெப்ரோமைசின் என்ற மருந்தை மட்டும் கொடுத்தார்கள். உடம்பு ஏற்காமல் நிறுத்த வேண்டியதாயிற்று, 1950 ஜனவரியில் அவர் இறந்தார். அதே 1948இல் எங்கள் புதுமைப்பித்தன் 42 வயதில் இதே நோய்க்குப் பலியானார். ஒற்றை மருந்தைக் கிருமி சீக்கிரம் பழகிக்கொள்கிறது என்று அக்காலத்தில்தான் தெரியவந்தது.

குளிசை தொடங்கினால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அது அந்த மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசினின் நிறம், பயம் வேண்டாம். கண் மஞ்சளித்தால், சத்தி விடாமல் வந்தால், பார்வை மங்கினால் அன்றைக்கே வர வேண்டும். குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், இந்த மருந்தோடு அது சரியாக வேலை செய்யாது. நீரிழிவு உள்ளவர்கள் சீனியைக் கட்டுப்பாட்டில் வைக்காவிட்டால் காசநோயும் இலகுவில் அடங்காது.

எந்த நாவலும் எழுதாத இடம், பரிசோதனைக்குச் சளி எடுத்துக் கொண்டுவரும் போத்தல். கொண்டுவருவதில் பாதி எச்சிலாக இருந்தால், நோய் இருந்தும் முடிவு 'இல்லை' என்று வரலாம். விடியற்காலை எழும்பியதும், சாப்பிட முன், வாயை வெறுந்தண்ணீரில் கொப்பளியுங்கள். முற்றத்தில் காற்றுப்படும் இடத்தில், ஆட்களுக்கு அப்பால் நின்று, இரண்டு மூன்று தரம் ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமித் துப்புங்கள். ஒரு தேக்கரண்டி, அதாவது 3 முதல் 5 மில்லிலீற்றர் போதும். மூடியை இறுக்கி, வெயில் படாமல் அன்றே கொண்டுவாருங்கள்.

ஒருவருக்கு நோய் உறுதியானால் வீட்டில் இருக்கும் எல்லோரையும் பார்ப்போம். கத்தரீனாவின் மூன்று பிள்ளைகளையும் இன்று அப்படித்தான் கூப்பிட்டிருப்போம். பிறந்தவுடன் போடும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி, மூளைக்காய்ச்சலாக வரும் கடுமையான காசநோயிலிருந்து குழந்தையைப் பெருமளவு காக்கும். ஆனாலும் நோயாளியோடு ஒரே அறையில் படுத்த பிள்ளையைக் காட்டாமல் விட முடியாது. சிறு பிள்ளைகளுக்குச் சளி எடுக்க வராது, ஆகவே நிறை ஏறுகிறதா என்று பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, முன்கையில் தோல் பரிசோதனை ஊசி போடுவோம். நோய் இல்லையென்றால், ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு வராமல் தடுக்கும் மருந்து இருக்கிறது. தோல் பரிசோதனைக்கு ஊசி போட்ட இடத்தைச் சொறிய விடாதீர்கள். 48 மணித்தியாலத்துக்குப் பின், 72 மணித்தியாலத்துக்குள் அந்தக் கையைக் கொண்டுவந்து காட்டுங்கள். அந்த நேரம் தவறினால் ஊசி போட்டதற்குப் பலனில்லை, திரும்பவும் போடவேண்டி வரும்.