மினிக்காயில் மாசி உருவாகும் விதம்

இலங்கைச் சமையலில் சம்பலுக்கு இடித்துப் போடுகிற மாசிக் கருவாடு, தென் தமிழகக் கரையோர வீடுகளுக்கும் பழக்கமானதுதான். மாலத்தீவுக்கு அடுத்தபடியாக அது பேர்பெற்ற இடம் இலட்சத்தீவின் தென்கோடியில் இருக்கும் மினிக்காய். கொச்சியிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர். மற்றத் தீவுகளிலிருந்து 9 டிகிரிக் கால்வாய் என்ற அகன்ற கடற்பகுதி இதைப் பிரிக்கிறது. மக்கள் பேசுவது மாலத்தீவின் திவேகி மொழியோடு உறவுள்ள மஹல். ஊர்களுக்குத் தனித்தனிப் பொதுவீடும் வண்ணம் தீட்டிய நீளமான பந்தயப் படகும் உண்டு.

இங்கே ஒரு நாள் தொழில் என்பது இரண்டு மீன்பிடி. முதலில் இரைக்கான விரல் நீள மீன், பிறகு மாசியாகப் போகிற சூரை (டூனா). முதலாவது சரியாக அமையாவிட்டால் இரண்டாவதற்குப் போவதே வீண்.

தீவின் மேற்கே பவளப் பார் வளைத்த லகூன், அதாவது அமைதியான ஆழமற்ற கடல்நீர்ப் பரப்பு இருக்கிறது. காலையில் அதற்குள் வலையை இறக்கி, அரைத்த மீனைத் தூவி, வெள்ளிக்கோடு போட்ட நெத்திலி போன்ற சிறுமீன்களை மேலே திரட்டித் தூக்குகிறார்கள். இவை உயிரோடு இருக்க வேண்டும். படகின் நடுவில் உள்ள இரைத்தொட்டியின் அடியில் துளைகள் இருக்கின்றன. படகு ஓடும்போது புதுக் கடல்நீர் ஏறி, பழைய நீர் வெளியேறும். படகு நின்றால் நீரோட்டம் குறையும், ஆக்சிஜனும் குறையும். நெரிசலாக அடைத்தால் கொஞ்ச நேரத்தில் மீன்கள் மிதக்கத் தொடங்கும். செதில் உதிர்ந்தாலும் சாகும். அதனால் கையால் அள்ளாமல் நீரோடு மொண்டு மாற்றுவதே நல்லது. செத்ததை உடனே எடுத்துவிட வேண்டும். அது அழுகினால் மீதியும் போகும்.

வெளிக்கடலில் ஆலாப் பறவைகள் கூட்டமாகக் கடலைக் கொத்தினால், கீழே சூரையில் ஒரு வகையான வரிச்சூரை சிறுமீனை மேலே விரட்டுகிறது என்று பொருள். படகை அருகே விட்டு, உயிர் இரையைச் சிறிது சிறிதாக வீசுகிறார்கள். கூடவே பின்தளத்திலிருந்து நீரைச் சிதறடிக்கிறார்கள். இந்தத் தெறிப்பு இரண்டு வேலை செய்கிறது: மேற்பரப்பில் சிறுமீன் துள்ளுவது போலத் தோன்றும், தூண்டில்காரர்களின் உருவமும் மங்கும். வெறி பிடித்த சூரை பளபளக்கும் வெற்றுத் தூண்டிலையே கவ்வும். கழி மூங்கில், கயிறு கழியைவிடக் குட்டை, தூண்டில் முள்ளில் மீன் கழலாமல் தடுக்கும் எதிர்முள் கிடையாது. கவ்விய மீனைத் தலைக்கு மேலாக வீசும்போது கயிறு தளர்ந்து, மீன் தானாகக் கழன்று தளத்தில் விழும். சில நொடிகளில் முள் மறுபடி நீரில். இரை தீர்ந்தால் கூட்டம் ஆழத்துக்குப் போய்விடும். தொட்டியின் அளவுதான் பிடிப்பின் எல்லை. ஒவ்வொன்றாகப் பிடிப்பதால் ஆமையும் சுறாவும் பெரும்பாலும் மாட்டுவதில்லை.

சிக்கல் லகூனில்தான். இரைமீன்களில் சில வகைகள் பவளக் கிளைகளுக்குள் ஒளிந்து வாழ்பவை. 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறி இலட்சத்தீவுப் பவளங்கள் வெளுத்தன, பல செத்தும் போயின. செத்த கிளை நொறுங்கினால் ஒளிய இடமில்லை. ஆழ்கடலில் சூரை எவ்வளவு இருந்தாலும் லகூனில் இரை இல்லையென்றால் படகு கிளம்பாது.

பிடித்த மீனுக்கும் அவசரம் உண்டு. சூரையின் தசை சுற்றியுள்ள நீரைவிடச் சூடானது. செத்தபின் வெயிலில் கிடந்தால் பாக்டீரியா தசையிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை ஹிஸ்டமின் என்ற ஒவ்வாமைப் பொருளாக மாற்றும். பிறகு கொதிக்க வைத்தாலும் புகைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. தின்றவருக்கு முகம் சிவக்கும், தலை வலிக்கும், அரிக்கும். ஆகவே கரைக்கு வந்ததும் தலை, குடல், செவுள் நீக்கி, முள் எடுத்து, நான்கு துண்டமாக்கிக் கடல்நீரில் வேகவைக்கிறார்கள். புரதம் உறைந்து நீரைக் கக்கும், நொதிகள் அடங்கும். மிச்ச ரசத்தைச் சுண்டக் காய்ச்சினால் ரிஹாகுரு என்ற கரும்பழுப்புக் குழம்பு.

அடுத்து தேங்காய் மட்டைப் புகை, பிறகு வெயில், மறுபடி புகை, மறுபடி வெயில் என்று பல நாட்கள். மாற்றி மாற்றிச் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே மூச்சில் கடும் சூட்டில் உலர்த்தினால் வெளிப்புறம் ஓடாக இறுகி, உள்ளீரம் சிறைப்பட்டுவிடும். மேலே காய்ந்த துண்டம் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். நிதானமாக உலர்ந்ததில் ஈரம் ஏறத்தாழ 15 விழுக்காடுதான். கிட்டத்தட்ட 5 கிலோ மீனுக்கு 1 கிலோ மாசி. வரிச்சூரையில் கொழுப்பு குறைவு என்பதால் காறல் வாடையும் எளிதில் வராது.

பார்க்கப் போகிறவர்கள் முன்கூட்டியே நுழைவு அனுமதி பெற வேண்டும். இந்தியருக்கும் இது உண்டு. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை போவது நல்லது. தென்மேற்குப் பருவமழையில் கப்பலும் தடுமாறும், தூண்டில் படகுகளும் கரையேறிவிடும். செத்த பவளத் துண்டைக்கூடப் பையில் போடாதீர்கள், சட்டப்படி குற்றம்.

மாசி வாங்கும்போது இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். விறகுக்கட்டை போல் கணீரென்றால் நன்றாகக் காய்ந்தது. மந்தமாக ஒலித்தால் உள்ளே ஈரம். உடைத்த இடம் அடர்சிவப்பாகப் பளபளக்க வேண்டும். விரிசலில் வெண்பூச்சோ வண்டு துளைத்த பொடியோ தெரிந்தால் வேண்டாம். வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், தேவைக்கு மட்டும் இடியுங்கள். பொடித்து வைத்தது சீக்கிரம் ஈரம் இழுக்கும்.