குரல் இல்லாமல் வாசிக்கக் கற்பது எப்படி?

பேச்சு வராத குழந்தையைப் பற்றிப் பெரியவர்கள் அடிக்கடி கேட்பது இது: "வாயே திறக்க முடியவில்லை, எழுத்தைச் சொல்லிக்கொடுத்து என்ன ஆகப்போகிறது?" அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் கணக்கு தலைகீழ். பேசுகிற குழந்தை, எழுத்து தெரியாவிட்டாலும் மனதில் இருப்பதைச் சொல்லிவிடும். பேச முடியாத குழந்தைக்கு எழுத்தும் இல்லையென்றால் மிஞ்சுவது படப்பலகை மட்டும்தான். பசி, தண்ணீர், வலி என்று யாரோ தேர்ந்தெடுத்து ஒட்டிய படங்களை வைத்தே எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். எழுத்து தெரிந்துவிட்டால், யாரும் முன்கூட்டி யோசித்திராத ஒன்றையும் சொல்லலாம்.

சரி, எழுத்துக்கூட்டிப் படிக்க வாய் வேண்டாமா? மௌனமாகப் படிக்கும்போது நமக்குள்ளே ஒரு குரல் ஓடுகிறது. நாக்கும் உதடும் ஒருபோதும் ஒத்துழைக்காதவருக்கு அந்தக் குரல் உண்டா? 1989இல் உளவியலாளர் டோரதி பிஷப்பும் உடன் ஆய்வாளரும் பெருமூளை வாதத்தால் பிறவியிலேயே பேச்சு வராதவர்களைச் சோதித்தார்கள். எந்தெந்தச் சொற்கள் ஒரே ஓசையில் முடிகின்றன என்பதை அவர்களால் கண்டுபிடிக்க முடிந்தது. ஒரு சொல்லைக்கூட உச்சரித்திராத மனதுக்குள்ளும் சொற்களின் ஓசை இருக்கிறது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் நெருக்கமான கண்டுபிடிப்பு இதுதான்.

இந்த உள்குரலை நம்பியே பாடமுறைகள் உருவாயின. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் லைட், டேவிட் மக்நாட்டன் இருவரும் வகுத்த முறையில் குழந்தை வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை, காட்டினால் போதும். தமிழில் செய்தால் இப்படி இருக்கும். மீன், மான், வண்டு, வாத்து என நான்கு படங்களை ஆசிரியர் மேசையில் வைக்கிறார். "ம்ம்ம்... ஈஈஈ... ன்ன்ன்" என்று ஒலிகளை இழுத்துச் சொல்கிறார். குழந்தை அவற்றை மனதுக்குள் சேர்த்து, மீனைக் கையாலோ கண்ணாலோ காட்ட வேண்டும். மானைக் காட்டினால் அதுவும் ஒரு தகவல்தான்: மெய்யைப் பிடித்துவிட்டது, உயிர்தான் நழுவியிருக்கிறது. அப்புறம் படத்துக்குப் பதில் எழுத்து வரும்.

படம், பேசும் கருவி என்று பழக்கினால் வரவேண்டிய பேச்சும் நின்றுவிடுமோ என்று பெற்றோர் பயப்படுவது இயல்பு. 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பில், நம்பகமான சான்று கிடைத்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. 89 சதவீதத்தினருக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது. அந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

எழுத்து வந்தபின் அடுத்த மலை, வேகம். ஒரே ஒரு சுவிட்சை மட்டுமே அழுத்த முடிந்தவரை எடுத்துக்கொள்வோம். திரையில் ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு எழுத்து. வரிசைகள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன. வேண்டிய வரிசை வந்ததும் ஓர் அழுத்தம். பிறகு அந்த வரிசைக்குள் எழுத்துகள் ஒளிரும். மீண்டும் ஓர் அழுத்தம். ஒரு நகர்வுக்கு ஒரு நொடி என்றால் முதல் கட்டத்து எழுத்துக்கு 2 நொடி, கடைசி எழுத்துக்கு 12 நொடி. அதனால்தான் அடிக்கடி வரும் எழுத்துகளை மேல் மூலையில் வைக்கிறார்கள், மென்பொருளும் அடுத்த சொல்லை ஊகித்துக் கொடுக்கிறது. அப்படியும் நிமிடத்துக்கு 15 சொல்லைத் தாண்டுவது பலருக்குக் கடினம். சாதாரணப் பேச்சு 150ஐ ஒட்டி ஓடுகிறது.

வேலையிடத்தில் இந்த இடைவெளி நன்றாகத் தெரியும். மின்னஞ்சலில் பிரச்சினை இல்லை. எழுத எவ்வளவு நேரம் ஆனது என்று படிப்பவருக்குத் தெரியாது. கூட்டத்தில்தான் சிக்கல். பதிலைத் தட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடும். பேச்சை இழந்த இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் தன் சொற்பொழிவுகளை முன்பே எழுதிச் சேமித்துவைத்து, மேடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் கருவிக்கு அனுப்பினார். கேள்வி நேரத்தில் அரங்கமே காத்திருந்தது. கேள்விகளை முன்கூட்டியே அனுப்பிவைக்கும் ஒரு சின்ன ஏற்பாட்டை எந்த அலுவலகமும் நாளைக்கே செய்யலாம்.

2023இல் ஸ்டான்ஃபோர்டு குழு, பேச முயலும்போது மூளையில் எழும் சமிக்ஞைகளை உள்ளே பொருத்திய மின்முனைகள் வழியாகப் படித்து, நிமிடத்துக்கு 62 சொற்கள் வரை எழுத்தாக்கியது. கிட்டத்தட்ட நான்கில் ஒரு சொல் தவறாக வந்தது என்றாலும் பெரிய தாவல்தான். பெரும்பாலானோருக்கு இன்றைக்குக் கைக்கு எட்டுவது பலகையும் டேப்லெட்டும். அவற்றிலும் எதிரில் இருப்பவர் அவசரப்பட்டு வாக்கியத்தை முடித்துவைப்பது உண்டு. அதற்காகவே நல்ல பலகைகளில் ஒரு கட்டம் ஒதுக்கியிருப்பார்கள், எட்டுவதற்குச் சுலபமான இடத்தில்: "நான் சொல்ல வந்தது அது இல்லை."