சப்கிளேவியன் கத்தீட்டர்: காறையடிச் சிரைச் செருகுகுழல்

மருத்துவமனைகளில் 'சென்ட்ரல் லைன்' என்று சுருக்கமாக வழங்கும் மையச்சிரைக் குழலை, அதாவது உடலின் பெரிய சிரைக்குள் மருந்து செலுத்த வைக்கும் குழலை, கழுத்து, காறை எலும்பின் (கழுத்தடியிலிருந்து தோள்வரை நீளும் எலும்பு) அடி, தொடையிடுக்கு ஆகிய இடங்களுள் ஒன்றன் வழியாகச் செலுத்துவர். இவற்றுள் காறை எலும்பின் அடியில் ஓடும் சிரைக்குச் சப்கிளேவியன் என்று பெயர். அதில் செலுத்தும் குழலான 'சப்கிளேவியன் கத்தீட்டர்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்?

இலத்தீனில் 'சப்' என்றால் கீழ். 'கிளாவிக்குலா' என்றால் சிறு சாவி. தமிழில் அந்த எலும்புக்குக் காறை என்னும் கழுத்தணியின் பெயர் முன்பே வழங்குவதால், சாவி எலும்பு என்று புதிதாக ஆக்க வேண்டியதில்லை. காறையடிச் சிரை என்பதே போதும். பேச்சில் 'நரம்பு' என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம். இங்கே குறிக்கப்படுவது இதயத்துக்குக் குருதியைத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரை.

'கத்தீட்டர்' என்பது கீழே இறக்குதல் என்னும் பொருளுடைய கிரேக்க வினையிலிருந்து வந்தது. சிறுநீரை வெளியேற்றும் குழலையே அது முதலில் குறித்ததால் 'வடிகுழாய்' என்னும் தமிழ்ச்சொல் அங்கே பொருந்தியது. மையச்சிரைக்குள்ளோ மருந்தும் ஊட்டக் கரைசலும் செலுத்தப்படுகின்றன. ஆகவே செருகுகுழல் என்பதே தக்கது.

காறை எலும்பின் கீழிருந்து இச்சிரையைக் குத்தும் முறையை 1952இல் பிரெஞ்சு மருத்துவர் ஒபானியாக் விவரித்தார். ஊசிவழியே கம்பியை நுழைத்து, அதன்மேல் குழலைச் செலுத்தும் செல்டிங்கர் முறை 1953இல் வெளியானது. சுற்றியுள்ள திசுக்கள் இச்சிரையை எலும்போடு பிணைத்திருப்பதால், குருதி பெரிதும் குறைந்த நிலையிலும் இது எளிதில் சுருங்கிவிடுவதில்லை. ஆயினும் பின்புறம் தமனியும், சற்று ஆழத்தில் நுரையீரல் உறையும் இருப்பதால், ஊசியைச் செங்குத்தாக இறக்காமல், மார்பின் பரப்போடு ஏறக்குறைய இணையாக, எலும்பின் அடியை ஒட்டி, மார்பெலும்பின் மேற்குழியை நோக்கிச் செலுத்துவர். அல்ட்ராசவுண்டில் ஊசிமுனையைப் பார்த்தபடி குத்துவது இன்னும் பாதுகாப்பானது. தலைப்பக்கத்தைச் சற்றுத் தாழ்த்துவதால் சிரை நிரம்புகிறது, வெளிக்காற்று சிரைக்குள் இழுக்கப்படும் அபாயமும் குறைகிறது. குழல் உள்ளே போகும்வரை கம்பியின் வெளிமுனையை ஒரு கணமும் கைவிடலாகாது; விட்டால் கம்பி முழுதும் குருதியோட்டத்துக்குள் சென்றுவிடக்கூடும்.

தமனியில் தவறிக் குத்திவிட்டால், எலும்பு மறைப்பதால் விரலால் அழுத்திக் குருதிக்கசிவை நிறுத்துவது கடினம். எனவே குருதி உறைதலில் குறையுள்ளவர்களுக்கு வேறு இடத்தையே தேர்வது நல்லது. முடிந்தபின் எடுக்கும் எக்ஸ்-ரேயில் குழல்முனை, இதயத்துக்குள் மேலிருந்து நுழையும் மேற்பெருஞ்சிரையின் கீழ்ப்பகுதியில் நிற்கிறதா, நுரையீரல் உறைக்குள் காற்றுப் புகுந்துள்ளதா என்று பார்ப்பர். கட்டுரைகளிலும் நோயாளிகளுக்கான கையேடுகளிலும் முதன்முறை 'காறையடிச் சிரைச் செருகுகுழல்' என்று முழுமையாகவும், பின்னர் 'செருகுகுழல்' என்றும் எழுதலாம்.