காலை எட்டு மணி மாத்திரை, இரவு எட்டு மணிப் பசி

மாலை நாலரைக்குப் பள்ளிப் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுக்கும்போதே கனம் தெரிந்துவிடும். காலையில் வைத்த எலுமிச்சை சாதம் ஒரு கரண்டிகூடக் குறையாமல் திரும்பி வந்திருக்கும். கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி.க்கு, கவனத்தைக் கூட்டும் மருந்தான மெத்தில்ஃபெனிடேட் தொடங்கிய முதல் மாதத்தில் பெற்றோர் சொல்லும் முதல் புகார் பெரும்பாலும் இதுதான். அடுத்தது, "ராத்திரி பதினொண்ணு ஆகியும் தூங்க மாட்டேங்கிறான்." மூன்றாவது, "அஞ்சு மணியானா ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் அழறான்." இவற்றைப் பார்த்துப் பயந்துபோய், யாரிடமும் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் பலர். மாத்திரை எத்தனை மணிக்கு உள்ளே போனது, எப்போது வேலையைத் தொடங்கியது, எப்போது வேகம் குறைந்தது என்று ஒரு வாரம் எழுதிப் பார்த்தால், மூன்று புகாருக்கும் பாதிக் காரணம் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

குறுகிய நேர மாத்திரை அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி, மூன்று நான்கு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். மெதுவாகக் கரையும் மாத்திரை, தயாரிப்பைப் பொறுத்து 8 முதல் 12 மணி நேரம் வரை நிற்கும். காலை எட்டுக்கு அதைக் கொடுத்தால், மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது மருந்து முழு வீச்சில் இருக்கும். அந்த நேரத்தில் பிள்ளைக்குப் பசியே தெரியாது. அடம் என்று நினைத்துத் திட்டினால், இருக்கிற கொஞ்ச ஆசையும் போய்விடும்.

ஆகவே மதியச் சாப்பாட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். கலோரியைக் காலைக்கும் இரவுக்கும் நகர்த்துங்கள். ஏழரைக்குள் வயிறாரச் சாப்பிட வைத்துவிட்டு, பிறகு மாத்திரை கொடுங்கள். சாப்பிட்ட பின் கொடுத்தால் மருந்து வேலை செய்யாதோ என்ற சந்தேகம் வேண்டாம். தொடங்குவது சற்றுத் தள்ளிப்போகலாம், அவ்வளவுதான். இரண்டு இட்லியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு டீஸ்பூன் நெய் விட்டால் ஏறக்குறைய 90 கலோரி கூடுகிறது. ஒரு முட்டை 70, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, அதாவது 30 கிராம், கிட்டத்தட்ட 170. மதிய டப்பாவில் முழுச் சாப்பாட்டை அடைக்காமல், நாலு வாயில் முடிகிற மாதிரி வையுங்கள்: எள்ளுருண்டை, சின்னச் சப்பாத்திச் சுருள், வாழைப்பழம். காலியான டப்பாவோடு வருகிற பிள்ளைக்கு அன்றைக்கு ஒரு திட்டு குறையும்.

இரவு ஏழு எட்டு மணிக்குப் பசி திரும்பும், சில வீடுகளில் ஓநாய்ப் பசியாக. அந்த நேரத்தில் பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்து வீணாக்க வேண்டாம். அதுதான் இவர்களுக்கு உண்மையான மதியச் சாப்பாடு. சாதம், பருப்பு, காய் எல்லாம் தட்டில் தயாராக இருக்கட்டும். ஒன்பது மணிக்கு மறுபடி ஒரு தம்ளர் பால் கேட்டால், "இந்நேரத்துக்கா?" என்று கேட்காமல் கொடுங்கள்.

ஐந்து மணி அழுகை

மருந்தின் வேகம் குறையும்போது, அது இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த துடிப்பும் எரிச்சலும் சிலருக்கு முன்பைவிடக் கூடுதலாகவே திரும்பும். ரிபவுண்ட் என்று இதைச் சொல்வோம். பெரும்பாலும் அரை மணி, ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். பள்ளி வேன் வந்து நிற்பதும், ஹோம்வொர்க் நோட்டைப் பிரிப்பதும், ட்யூஷனுக்குக் கிளம்புவதும் நம் ஊரில் சரியாக அந்த ஒரு மணி நேரத்தில்தான் வந்து விழுகின்றன. வந்ததும் முதலில் சாப்பாடு, பிறகு ஓடியாடட்டும், புத்தகம் ஆறு மணிக்கு மேல். இவ்வளவு செய்தும் அழுகை தினமும் வந்தால் மருத்துவரிடம் நேரத்தோடு சொல்லுங்கள். நீண்ட நேரத் தயாரிப்புக்கு மாற்றுவதோ, பிற்பகலில் மிகச் சிறிய அளவு சேர்ப்பதோ அவர் முடிவு. ட்யூஷனில் கவனமாக இருக்கட்டும் என்று நாலரைக்கு நீங்களே இன்னொரு மாத்திரை கொடுப்பது மட்டும் கூடாது. அன்றைய தூக்கம் அங்கேயே போயிற்று.

தூக்கத்தைப் பற்றி ஒரு விஷயம் முக்கியம். ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகள் பலர் மருந்துக்கு முன்பே தாமதமாகத் தூங்குகிறவர்கள்தான். அதனால் முதல் மாத்திரைக்கு முந்தைய ஒரு வாரம், எத்தனை மணிக்குப் படுத்தான், எத்தனை மணிக்குக் கண் மூடியது, எவ்வளவு சாப்பிட்டான், தலைவலி உண்டா, கண் சிமிட்டுவது, தொண்டையைச் செருமுவது, நகம் கடிப்பது உண்டா என்று குறித்து வைத்துவிடுங்கள். இந்த ஒரு பக்கம் இல்லாவிட்டால், ஏற்கெனவே இருந்த கண் சிமிட்டலைக்கூட மருந்தின் மேல் போடுவோம். புதிதாக வந்ததைப் பழைய பழக்கம் என்று விட்டும்விடுவோம். மருந்தால்தான் தூக்கம் தள்ளிப்போகிறது என்று தெரிந்தால், காலை மாத்திரையை அரை மணி முன்னால் நகர்த்துவதிலிருந்து தொடங்கலாம். காலையில் மறந்துவிட்டீர்களா? மதியத்துக்கு மேல் நினைவு வந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். மறுநாள் இரண்டாகக் கொடுக்க வேண்டாம்.

காபியையும் கவனியுங்கள். பால் கலந்த அரை தம்ளர் டிகாஷன் காபி, ஆறு மணி டீ, கோலா எல்லாவற்றிலும் காஃபின் இருக்கிறது. மருந்தோடு சேர்ந்து படபடப்பையும் தூக்கமின்மையையும் கூட்டும். ஜலதோஷத்துக்குக் கடையில் கேட்டு வாங்கும் சிரப்பில் மூக்கடைப்பு மருந்தான ஃபினைலெஃப்ரின் இருந்தால் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் இன்னும் ஏறக்கூடும். வாங்கும்போது கடைக்காரரிடம் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்.

முதல் ஒன்றிரண்டு வாரத் தலைவலியும் வயிற்றுவலியும் பெரும்பாலும் தானாகக் குறையும். வெறும் வயிற்றில் கொடுப்பதும், பள்ளியில் தண்ணீர் குடிக்காததும் அவற்றுக்குப் பாதிக் காரணம்.

"இப்போ ரொம்ப நல்ல பையன்"

ஆசிரியரின் இந்தப் பாராட்டைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். பிள்ளை முன்பு போலச் சிரிக்கிறானா, இடைவேளையில் விளையாடுகிறானா, இல்லை கேட்டால் மட்டும் பதில் சொல்கிறானா? பொம்மை மாதிரி ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால், அளவு அதிகமாகியிருக்க வாய்ப்புண்டு. குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ சரியாகும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் அமைதி என்பது ஆசிரியருக்கு வேண்டியது. சிகிச்சையின் இலக்கு அது அல்ல. மெத்தில்ஃபெனிடேட்டின் அளவு எடையை வைத்து மட்டும் அமைவதில்லை. 40 கிலோ பிள்ளைக்குப் போதுமான அளவு 22 கிலோ பிள்ளைக்குப் போதாமலும் இருக்கலாம். அதனால்தான் 5 மில்லிகிராமில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு படியாக ஏற்றிப் பார்க்கிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மருந்துச் சீட்டோடு ஒப்பிடுவதில் பயனில்லை.

மெதுவாகக் கரையும் மாத்திரையை நுணுக்கி வாழைப்பழத்தில் வைத்துக் கொடுக்கவே கூடாது. நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். விழுங்கத் தெரியாத பிள்ளைக்குச் சீரக மிட்டாயை வைத்துப் பழக்கலாம்: நாக்கின் நடுவில் ஒன்று, ஒரு வாய் தண்ணீர், தலையை அண்ணாந்து பார்க்காமல் நேராக வைத்து விழுங்கட்டும். கேப்சூல் என்றால் தண்ணீரில் மிதக்கும், ஆகவே தலையைச் சற்றுக் குனிந்து விழுங்குவது எளிது. சில தயாரிப்புகளின் வெளிக்கூடு கரையாமல் மலத்தில் முழு மாத்திரை போலவே வரும். மருந்து உடலில் சேரவில்லை என்று பதறி இன்னொன்று கொடுத்துவிடாதீர்கள்.

ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான அடோமாக்ஸிடின் வேறு ரகம். அதற்கு இந்த மணிக்கணக்கு பொருந்தாது. முழுப் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும், சனி ஞாயிறு விடுமுறை விடவும் கூடாது. குமட்டல்தான் இதன் முதல் தொல்லை, சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தால் குறையும். பகலில் தூங்கி விழுந்தால் இரவு வேளைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். கேப்சூலைப் பிரித்துக் கொட்டாதீர்கள், தூள் கண்ணில் பட்டால் எரியும். சிறுநீர் கருத்துப்போவது, கண் மஞ்சளாவது, சாவதைப் பற்றிப் பேசுவது, திடீர் மனநிலை மாற்றம் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எந்த மருந்தானாலும் மாதம் ஒருமுறை ஒரே எடைக்கருவியில் எடையும், மூன்று மாதத்துக்கொருமுறை சுவரில் கோடு போட்டு உயரமும் பாருங்கள். ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளை சாதாரணமாக ஆண்டுக்கு 5, 6 சென்டிமீட்டர் வளரும். தொடர்ந்து மருந்து எடுப்பவர்களில் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் சராசரியாக 1 முதல் 2 சென்டிமீட்டர் குறையலாம். அளவுகளை இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 2015-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில் குறிக்கச் சொல்லிக் கேளுங்கள். மூன்று மாதமாக எடை ஏறவே இல்லை என்றால், அல்லது இறங்கினால், அடுத்த தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். வளர்ச்சி பின்தங்கினால் கோடை விடுமுறையில் மெத்தில்ஃபெனிடேட்டை நிறுத்திப் பார்ப்பதும் உண்டு, மருத்துவர் சொன்னால். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு மூன்று முதல் ஆறு வரை கூடுவது இயல்பு. ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகும் திரும்பத் திரும்ப 120-ஐத் தாண்டினால் சொல்ல வேண்டும்.

விளையாடும்போது மயங்கி விழுதல், நெஞ்சுவலி, உடம்பில் பூச்சி ஊருகிறது என்று இல்லாததைச் சொல்லுதல், பையனுக்கு ஆணுறுப்பில் வலியோடு நீண்ட நேரம் விறைப்பு நிற்றல் ஆகியவை அரிதானவை. ஆனால் வந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குடும்பத்தில் 40 வயதுக்குள் யாராவது திடீரென்று இறந்திருந்தால், மருந்து தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். "மாரடைப்புன்னு சொன்னாங்க" என்பதும் இதில் சேர்த்தி.

மெத்தில்ஃபெனிடேட் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருவது. சீட்டு இல்லாமல் கொடுக்க மாட்டார்கள், எல்லாக் கடைகளிலும் இருக்கவும் செய்யாது. கடைசி அட்டையில் ஏழு மாத்திரை மிச்சம் இருக்கும்போதே வாங்கப் போங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போவதானால் எண்ணி எடுத்துக்கொண்டு, சீட்டின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி தங்கை கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.