ரத்தத்தைத் தொடாமல் ரத்தத்தை அளக்கும் கருவி

ஒரு வாசகி எழுதியிருந்தார். "என் தம்பி இரவில் காரில் வீடு திரும்பும்போது போலீஸார் நிறுத்தி ஊதச் சொல்லியிருக்கிறார்கள். கருவி 62 காட்டியது. எங்கள் நாட்டில் வரம்பு 50. வழக்குப் பதிந்துவிட்டார்கள். ஆனால் அவன் புறப்படும்போது மவுத்வாஷால் வாய் கொப்பளித்தானாம். அதிலும் ஆல்கஹால் இருக்கிறதே, அதைச் சொல்லி வழக்கிலிருந்து வெளியே வர முடியாதா?"

கடிதத்தோடு கருவி அச்சிட்ட சீட்டின் படத்தையும் அனுப்பியிருந்தார். அந்தச் சீட்டில் 62-க்குக் கீழே இன்னோர் எண்ணும் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில், 62 என்ற எண் எங்கிருந்து வந்தது?

சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலான குற்றங்களுக்கு இரண்டு பாதிகள் உண்டு: செய்த செயல், அதன் பின்னால் இருந்த மனம். கூட்டத்தில் உங்கள் குடை என்று நினைத்து வேறொருவர் குடையை எடுத்து வந்துவிட்டால் செயல் இருக்கிறது, திருடும் எண்ணம் இல்லை. அது திருட்டு ஆகாது. மது வழக்குகளிலும் முன்பு மனிதரைத்தான் பார்த்தார்கள்: தள்ளாடினாரா, உளறினாரா, வாடை அடித்ததா? இவையெல்லாம் நம்பகமான சாட்சிகள் அல்ல. மது வாடை, தடுமாறும் நடை, விரிந்த கண்பாவை ஆகியவற்றை மட்டும் வைத்து ஒருவர் குடித்திருந்தார் என்று உறுதியாக முடிவு கட்ட முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றமே 1971-ல் சொல்லியிருக்கிறது.

1936-ல் நார்வே வேறு வழியில் போனது. ரத்தத்தில் இத்தனை அளவுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம், அவ்வளவுதான் என்று சட்டம் இயற்றியது. பிறகு உலகம் முழுக்க அதே வழி. இன்று 100 மில்லி ரத்தத்துக்கு ஸ்வீடனில் 20 மில்லிகிராம், இந்தியாவில் 30, இங்கிலாந்தில் 80 என்று வரம்புகள் இருக்கின்றன. "நான் நிதானமாகத்தான் ஓட்டினேன்" என்பது இந்தக் குற்றச்சாட்டுக்குப் பதிலே அல்ல. இங்கிலாந்தில், தெரியாமல் யாரோ பானத்தில் மதுவைக் கலந்துவிட்டார்கள் என்று நிரூபித்தாலும் குற்றம் குற்றம்தான். உரிமத்தைப் பறிக்காமல் விடுவதற்கு வேண்டுமானால் அது காரணமாகலாம்.

இதனால் என்ன ஆயிற்று என்றால், மனம் என்ற பாதி வழக்கிலிருந்து விலகிவிட்டது. எண் மட்டும் மிஞ்சியது. அந்த எண்ணைச் சொல்வது ஒரு கருவி. ஆகவே எதிர்தரப்பு குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய முதன்மைச் சாட்சியும் அந்தக் கருவிதான். அதை விசாரிக்க இயற்பியலும் வேதியியலும் தெரிந்திருக்க வேண்டும்.

குடித்த மது சிறுகுடலில் ரத்தத்தில் கலந்து, இதயம் வழியாக நுரையீரலுக்கு வருகிறது என்பது தெரிந்த கதை. நுரையீரலின் காற்று நுண்ணறைகளில் ரத்தத்துக்கும் காற்றுக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்றுதான். எத்தனால் எளிதில் ஆவியாகும், சவ்வைத் தாண்டும். எவ்வளவு தாண்டும் என்பதை 1803-ல் வில்லியம் ஹென்றி சொல்லிவிட்டார்: குறிப்பிட்ட வெப்பநிலையில், திரவத்தில் கரைந்திருக்கும் அளவும் அதற்கு மேலே காற்றில் இருக்கும் அளவும் மாறாத விகிதத்தில் இருக்கும். எத்தனாலுக்கு அந்த விகிதம் ஏறத்தாழ 2,100-க்கு 1. அதாவது 2,100 மில்லி மூச்சில் எவ்வளவு ஆல்கஹால் இருக்கிறதோ, அவ்வளவு 1 மில்லி ரத்தத்தில் இருக்கிறது என்று கருவி கணக்குப் போடுகிறது. கருவி ரத்தத்தைப் பார்ப்பதே இல்லை. மூச்சைப் பார்த்து, 2,100-ஆல் பெருக்கி, ரத்தத்தைப் பற்றி ஒரு கூற்றை முன்வைக்கிறது.

இந்த 2,100 எல்லோருக்கும் ஒன்றா? இல்லை. ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்குள்ளும் நேரத்துக்கு நேரம் மாறும். குடித்தது முழுதும் ரத்தத்தில் கலந்த பிறகு சராசரி 2,300-ஐ ஒட்டி வருகிறது. ஆகையால் 2,100 என்று வைப்பது பெரும்பாலோருக்குக் கொஞ்சம் சாதகம். ரத்தத்தில் இருப்பதைவிடக் குறைவாகவே காட்டும். இங்கிலாந்து இந்தப் பெருக்கலையே தவிர்த்துவிட்டது. அங்கே 100 மில்லி மூச்சில் 35 மைக்ரோகிராம் என்று மூச்சுக்கே தனி வரம்பு எழுதிவிட்டார்கள். வரம்பே மூச்சில் இருக்கும்போது "என் விகிதம் வேறு" என்று வாதாட இடமில்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். மூச்சில் இருக்கும் அந்தத் துளியை எண்ணுவது எப்படி? 1954-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலக் காவல் துறையைச் சேர்ந்த ராபர்ட் போர்க்கன்ஸ்டைன் செய்த கருவியில் பொட்டாசியம் டைகுரோமேட் இருந்தது. ஆரஞ்சு நிறக் கரைசல் ஆல்கஹால் பட்டால் பச்சையை நோக்கி மாறும். அழகான வேதியியல்தான், ஆனால் நிறத்தை அளக்கிறோம். 1974-ல் வேல்ஸைச் சேர்ந்த டாம் பாரி ஜோன்ஸின் குழு கொண்டுவந்த கையடக்கக் கருவி மின்சாரத்தை அளந்தது. உள்ளே இருந்தது எரிபொருள் மின்கலம். சாலையோரத்தில் இன்று நீட்டப்படும் கருவிகளில் பெரும்பாலானவை அதன் வழிவந்தவையே.

அதன் நடுவில் அமிலத்தில் ஊறிய ஒரு நுண்துளைத் தட்டு. இரு பக்கமும் பிளாட்டினப் பூச்சு. நீங்கள் ஊதி முடிக்கும் கட்டத்தில், நுரையீரலின் அடியிலிருந்து வரும் காற்றில் ஏறத்தாழ 1 மில்லியை ஒரு சிறு பம்பு உறிஞ்சி ஒரு பக்கத்தின் மேல் விடுகிறது. எத்தனால் மூலக்கூறு பிளாட்டினத்தில் ஒட்டிக்கொள்கிறது. அங்கே நீருடன் சேர்ந்து அசிட்டிக் அமிலமாக, அதாவது நம் வினிகரின் அமிலமாக, மாறுகிறது. மாறும்போது ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு எலெக்ட்ரான்களை விட்டுவிட்டுப் போகிறது. மூன்றும் இல்லை, ஐந்தும் இல்லை, நான்கு. அந்த எலெக்ட்ரான்கள் கம்பி வழியாக மறுபக்கம் போய், காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து நீராகின்றன. கம்பியில் ஓடியதை எண்ணிவிட்டால் மூலக்கூறுகளையே எண்ணியதாகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இங்கிலாந்து வரம்பில் நிற்கும் ஒருவரின் 1 மில்லி மூச்சில் 0.35 மைக்ரோகிராம் எத்தனால் இருக்கும். அது ஏறத்தாழ 4,600 லட்சம் கோடி மூலக்கூறுகள். அத்தனையும் நந்நான்கு எலெக்ட்ரான்களைக் கொடுத்தால் மொத்த மின்னூட்டம் சுமார் 3 மில்லிகூலும் (கூலும் என்பது மின்னூட்டத்தின் அலகு). ஒரு சாதாரணச் சுற்று தாராளமாக அளந்துவிடக்கூடிய அளவு. மின்கலம் வயதானால் மெதுவாக வேலை செய்யும். மின்னோட்டத்தின் உச்சி தாழ்ந்துபோகும். ஆனால் உச்சியை விட்டுவிட்டு, மின்னோட்டத்தை வரைபடமாக வரைந்தால் வரும் கோட்டுக்குக் கீழுள்ள பரப்பு முழுவதையும் கூட்டினால் மொத்தம் பெரிதாக மாறாது. மெதுவாகக் கொடுத்தாலும் கொடுக்க வேண்டிய எலெக்ட்ரான்களைக் கொடுத்துத்தானே ஆக வேண்டும்! கிழட்டு மின்கலத்திடமிருந்தும் நேர்மையான பதிலை வாங்கும் இந்த உத்தியை எப்போது நினைத்தாலும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

சரி, இதில் எங்கே ஓட்டை? ஹென்றியின் விதியைத் திரும்பப் படியுங்கள்: "குறிப்பிட்ட வெப்பநிலையில்." உடலுக்குள் 37 டிகிரியில் கிளம்பும் காற்று, மூச்சுக்குழாயில் குளிர்ந்து வாய்க்கு வரும்போது ஏறத்தாழ 34 டிகிரி. 2,100 என்ற எண் அந்த 34 டிகிரிக்கு உரியது. ஒரு டிகிரி கூடினால் ஆவியில் ஆல்கஹால் சுமார் 6.5 விழுக்காடு கூடும். காய்ச்சலில் இருப்பவர் சற்று அதிகமாகக் காட்டுவதற்கு இதுவே காரணம்.

கருவியைச் சரிபார்க்கும்போதும் இதே 34 டிகிரிதான். அளவு தெரிந்த ஆல்கஹால் கரைசலை 34 டிகிரிக்குச் சூடாக்கி, அதனூடே காற்றைச் செலுத்தி, வரும் ஆவியைக் கருவிக்குக் கொடுத்து, "இதுதான் சரியான அளவு, மனதில் வைத்துக்கொள்" என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். கரைசல் உண்மையில் 33 டிகிரியில் இருந்தால்? ஆவியில் ஆல்கஹால் குறைவு. அந்தக் குறைந்த அளவையே சரியானது என்று கருவி நம்பும். பிறகு ஊதும் எல்லோருக்கும் கூட்டிச் சொல்லும். 76-ல் இருப்பவர் 81 ஆகிவிடுவார். வரம்பு 80 என்றால், குற்றம் செய்யாதவர் குற்றவாளி.

இது கற்பனை ஆபத்து அல்ல. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், சரிபார்ப்பின்போது கரைசலின் வெப்பநிலையைத் தனியாக ஒரு தரச்சான்று பெற்ற தெர்மாமீட்டரை வைத்து உறுதிசெய்ய வேண்டிய படியை ஓர் அதிகாரி செய்யவில்லை என்று குற்றச்சாட்டு எழுந்தது. 2018-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அவர் சரிபார்த்த கருவிகளின் முடிவுகளைச் சான்றாக ஏற்க முடியாது என்று தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவை 20,667 பரிசோதனைகள். அத்தனை பேருக்கும் தவறான எண் வந்தது என்று யாரும் சொல்லவில்லை. சரியான எண்தான் வந்தது என்று அரசுத் தரப்பால் காட்ட முடியவில்லை. குற்றவியல் வழக்கில் அதுவே போதும்.

இங்கே என் கருத்தைச் சொல்லியாக வேண்டும். கருவிகளை ஆயிரக்கணக்கில் வாங்க அரசுகளிடம் பணம் இருக்கிறது. அளவுத்திருத்த ஆய்வகங்களுக்கும், அங்கே உட்கார்ந்து சலிப்பான வேலையைச் சலிக்காமல் செய்யும் ஆட்களுக்கும் பணம் ஒதுக்குவதில் அந்த ஆர்வம் இல்லை. ஒரு மனிதரின் வேலையும் மானமும் ஒரு டிகிரியில் தொங்கும்போது தெர்மாமீட்டரும் நீதித்துறையின் உறுப்புதான்.

மவுத்வாஷுக்கு வருவோம். வாதம் அறிவியல்படி உண்மையானது. வாயில் எஞ்சிய ஆல்கஹால் நுரையீரல் காற்றோடு கலந்து எண்ணைத் தாறுமாறாக ஏற்றிவிடும். ஆய்வகத்தில் ஒருமுறை துளி மது அருந்தாமல், மவுத்வாஷ் மட்டும் கொப்பளித்து உடனே ஊதிப் பார்த்தேன். கருவி வரம்பைத் தாண்டிக் குதித்தது. 15 நிமிடம் கழித்து ஊதினால் சுழியம். எச்சிலும் மூச்சும் வாயைக் கழுவிவிட அவ்வளவு நேரம் போதும். அதனால்தான் சாட்சியமாகப் பயன்படும் பரிசோதனைக்கு முன் 15 அல்லது 20 நிமிடம் ஆளைக் கண்காணிக்க வேண்டும் என்று பல நாடுகளில் விதி இருக்கிறது.

நாக்குக்கு அடியில் செப்புக் காசு, பச்சை வெங்காயம், புதினா மிட்டாய், கட்டங்காப்பி என்று உலவும் வைத்தியங்கள் வேறு வகை. வெங்காயம் வாடையை மறைக்கும். கருவிக்கு மூக்கு இல்லை. காசு நுரையீரலின் அடியிலிருந்து வரும் மூலக்கூறை என்ன செய்யும்? இவற்றை நம்பித்தான் சிலர் சாவியை எடுக்கிறார்கள் என்பதால் எனக்கு இந்த மூடநம்பிக்கை மேல் கடும் கோபம் உண்டு.

இன்னொரு எதிர்வாதம் நேரத்தைப் பற்றியது. கடைசிக் கோப்பைக்குப் பிறகு ரத்தத்தில் ஆல்கஹால் உச்சத்தைத் தொட அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். "ஓட்டும்போது வரம்புக்குள் இருந்தேன், ஊதும்போதுதான் ஏறியது" என்று சொல்ல அறிவியலில் இடம் உண்டு. கனடா இந்தக் கதவைச் சட்டத்தாலேயே ஏறக்குறைய மூடிவிட்டது: ஓட்டி நிறுத்திய இரண்டு மணி நேரத்துக்குள் வரம்பைத் தொட்டாலே குற்றம். உச்சத்துக்குப் பிறகு கல்லீரல் அதை 100 மில்லி ரத்தத்துக்கு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் என்ற சீரான வேகத்தில் இறக்கும். நொதிகள் ஏற்கெனவே முழுமூச்சாக வேலை செய்துகொண்டிருப்பதால் அவசரப்படுத்த முடியாது.

இப்போது அந்தச் சீட்டு. முதல் எண் 62. 20 நிமிடம் கழித்து எடுத்த இரண்டாவது எண் 58.

மவுத்வாஷ் காரணமாக இருந்தால் இரண்டாவது எண் 58-ல் நிற்காது, பாதாளத்துக்குப் போயிருக்கும். கருவியின் வெப்பநிலைச் சரிபார்ப்பில் பிழை இருந்ததா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். சரிபார்ப்புச் சான்றிதழைக் கோரச் சொல்லி வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். ஆனால் 58-ஐ 50-க்கு இறக்க ஒரு டிகிரி போதாது, 2 டிகிரிக்கு மேல் தவறியிருக்க வேண்டும். "ஏறிக்கொண்டிருந்தது" என்ற வாதமும் நிற்காது, சகோதரி. 20 நிமிடத்தில் 4 குறைந்திருக்கிறது. கருவியின் சிறு ஏற்ற இறக்கத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மணிக்கு 15 என்ற கல்லீரலின் வேகத்துக்கு அது மிக அருகில் வருகிறது. எண் இறங்கிக்கொண்டிருந்தது. தம்பி ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த நேரத்தில் அவர் ரத்தத்தில் இருந்தது, கருவி காட்டிய 62-ஐவிடக் கூடுதல்.