கச்சானுக்குப் பின் சேறு, வாடைக்குப் பின் கறள்: திருகோணமலையில் பழைய கூலிங் டவரைப் பார்க்கும் முறை

ஐஸ் தொழிற்சாலை, ஆலை, கடற்கரை ஹோட்டல் என்று திருகோணமலையில் கூலிங் டவர் நிற்கும் இடங்கள் பெரும்பாலும் கடலுக்குக் கிட்டத்தான். இயந்திரத்தின் சூட்டை ஏற்றுவரும் தண்ணீரை மேலிருந்து தெளித்து, விசிறிக் காற்றில் குளிரவைத்துத் திருப்பி அனுப்புவதுதான் கூலிங் டவரின் வேலை. டவருடன் வரும் கைநூல் வருடாந்தப் பரிசோதனை என்று ஒன்றைச் சொல்லும். அது எல்லா ஊருக்கும் பொதுவாக எழுதியது. இங்கே காற்று இரண்டு. மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் தரைப்பக்கமிருந்து புழுதியோடு வரும். கார்த்திகை, மார்கழியில் வாடை கடலிலிருந்து உப்புத் தூவானத்தோடு வரும். கூலிங் டவர் ஒரு வகையில் காற்றைக் கழுவும் பெட்டி. காற்றில் வருவது எதுவானாலும் அதன் தொட்டியில்தான் முடியும். பத்துப் பதினைந்து வருடம் ஓடிய டவரை ஆகவே வருடத்தில் இரண்டு தரம் திறக்க வேண்டும். புரட்டாதி கடைசியில், மழை தொடங்குமுன், சேற்றுக்காக. மாசியில், வாடை ஓய்ந்த பிறகு, கறளுக்காக.

திறக்குமுன் எடுக்க வேண்டிய கருவி குறடு அல்ல, வெப்பமானி. எவ்வளவு நல்ல டவரும் தண்ணீரை ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே குளிரவைக்காது. வெப்பமானியின் குமிழில் நனைந்த பருத்தித் திரியைச் சுற்றி, காற்று உள்ளே போகும் பக்கத்தில், வெயில் படாமல், காற்றோட்டத்தில் பிடித்தால் அந்த அளவு கிடைக்கும். நம் ஊரில் அது பெரும்பாலும் 25 முதல் 27 பாகைக்குள் நிற்கும். தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீர் அதைவிட 3, 4 பாகை கூடுதலாக இருந்தால் டவர் தன் வேலையைச் செய்கிறது. இடைவெளி 6, 7 பாகை ஆகியிருந்தால் உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது. விசிறி முழு வேகத்திலும் இயந்திரம் வழக்கமான சுமையிலும் ஓடும் நேரத்தில்தான் அளக்க வேண்டும். சுமை குறைந்த நாளில் எடுத்த அளவு பழைய டவரையும் நல்லதாகக் காட்டிவிடும்.

அடைப்பு பெரும்பாலும் பில் அடுக்கில், அதாவது தேன்கூடு மாதிரி ஒட்டிய பீவீசீ தாள்களில் இருக்கும். வெளியே தெரியும் விளிம்பைப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. சேறும் பாசியும் நடுவில்தான் தங்கும். ஒரு கட்டியை வெளியே இழுத்து, தண்ணீர் வடியவிட்டு, தராசில் வையுங்கள். அதே அளவுள்ள புதுக் கட்டி ஒன்றைக் கையிருப்பில் வைத்திருந்தால் இரண்டின் நிறை வித்தியாசமே எவ்வளவு படிந்திருக்கிறது என்று சொல்லிவிடும். வழவழப்பான சேறு கழுவினால் போகும். நகத்தால் சுரண்டியும் வராத வெள்ளைச் சுண்ணப் படிவு என்றால் மாற்றுவதே மலிவு. நாகம் (துத்தநாகம்) பூசிய சட்டத்தின் மேல் அமிலம் ஊற்றிக் கழுவுகிறவர்கள் படிவோடு நாகத்தையும் கழுவி விடுகிறார்கள். பில்லைக் கழற்றியதும் அதற்கு மேலே தண்ணீரைத் தெளிக்கும் நொசில்களைப் பாருங்கள். ஒரு நொசில் அடைத்தால் அதன் கீழே ஒரு காய்ந்த பட்டை உண்டாகும். படிவு அங்கேதான் முதலில் இறுகும்.

படிவு ஏன் வருகிறது என்பதை நிலாவெளி உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு நின்றுவிடும். மணிக்கு 100 கன மீட்டர் தண்ணீர் சுற்றி, டவரில் 6 பாகை குளிர்ந்தால், மணிக்கு ஏறத்தாழ 0.9 கன மீட்டர் ஆவியாகும். தொட்டியில் உப்பு, உள்ளே விடும் தண்ணீரைப் போல் நான்கு மடங்கில் நிற்க வேண்டுமானால், தொட்டியின் உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும் பிளீட் வால்வால் மணிக்கு 0.3 கன மீட்டர் வெளியேற வேண்டும். தண்ணீர்க் கட்டணத்துக்குப் பயந்து வால்வைத் திருகி எட்டு மடங்குக்குக் கொண்டுபோனால், 24 மணி நேரம் ஓடும் இடத்தில் நாளுக்கு மிஞ்சுவது வெறும் நான்கு யூனிட், அதாவது நான்கு கன மீட்டர். அந்த நான்கு யூனிட்டுக்காக உப்பு இரட்டிப்பாகிறது. இரண்டு மடங்கில் ஓடுபவர் நான்குக்குப் போனால் நல்ல சேமிப்பு. நான்கிலிருந்து எட்டுக்குப் போவதில் சேமிப்பு கொஞ்சம், சேதம் அதிகம்.

இந்த மடங்கை அறிய, தண்ணீரில் உள்ள உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டர் ஒன்று போதும். உள்ளே வரும் தண்ணீர் 300 காட்டித் தொட்டி 1200 காட்டினால் நான்கு மடங்கு. கந்தளாய்ப் பக்கக் குழாய்த் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கடலோரக் கிணற்றுக்கு மாறினால் இந்தக் கணக்கு முழுவதும் மாறும். கிணற்றில் குளோரைட்டு லீற்றருக்கு 200 மி.கி. என்றால் நான்கு மடங்கில் அது 800. 304 ரக ஸ்டெயின்லெஸ் உருக்குக்குப் பொதுவாகச் சொல்லும் வரம்பே 200தான். அதைத் தாண்டினால் ஊசிமுனைத் துளைகள் தொடங்கும், வெளியே பளபளப்புக் குறையாமலே.

சுத்தம் செய்யப் போகிறவர்களின் நெஞ்சைப் பற்றி அடுத்தது. லெஜியோனெல்லா என்ற கிருமி 25 முதல் 45 பாகைத் தண்ணீரில் பெருகும். துளியோடு மூச்சில் போனால் கடும் நிமோனியா. 1976இல் பிலடெல்பியாவில் ஒரு கூட்டத்துக்கு வந்தவர்களைத் தாக்கியபோதுதான் உலகம் அதை அறிந்தது. குளிர் நாடுகளில் பனிக்காலம் அதை ஓரளவு மட்டுப்படுத்தும். நம் டவர்த் தண்ணீர் வருடம் முழுவதும் அதற்கு ஏற்ற சூட்டிலேயே இருக்கிறது. ஆகவே முதல் நாளே விசிறியை நிறுத்தி, பம்பை மட்டும் ஓடவிட்டு, சுயாதீனக் குளோரின், அதாவது வேறெதனோடும் சேராமல் மிஞ்சி நிற்கும் குளோரின், லீற்றருக்கு 5 மி.கி. அளவில் ஐந்து மணி நேரம் நிற்க வேண்டும். 10 கன மீட்டர் தண்ணீருக்குக் கணக்குப்படி 10 வீதக் குளோரின் கரைசல் அரை லீற்றர். சேறு குடித்துவிடும் என்பதால் நடுநடுவே சோதித்துச் சேர்க்க வேண்டிவரும். பீஎச் 8க்கு மேல் இருந்தால் அதே குளோரின் அரைவாசி வேலைகூடச் செய்யாது. பிறகுதான் உயரழுத்த நீர்ப்பீச்சி. சாதாரணத் துணி முகக்கவசம் இதற்கு உதவாது. முகத்தோடு இறுகப் பொருந்தும் சுவாசக்கவசம் வேண்டும். மேலே நீர்த்துளியை மறிக்கும் தகடுகளில் ஒன்று உடைந்திருந்தாலும் கையளவு இடைவெளி இருந்தாலும் உடனே அடையுங்கள். உப்பும் கிருமியும் பக்கத்துக் கட்டடத்துக்குப் போகும் வழி அதுதான்.

மாசிப் பரிசோதனையில் பெயின்டைப் பார்க்க வேண்டாம், போல்ட்டைப் பாருங்கள். பழைய டவர்களில் போல்ட்டின் தலையும் நட்டும் முழுசாகத் தெரியும்; இரண்டு தகடுகளுக்கு நடுவே உள்ள பகுதி உடுக்கின் இடை போல மெலிந்திருக்கும். உப்பு ஈரம் காயாமல் தங்குவது அந்த இடுக்கில்தான். ஒரு விரலை நட்டின் மேல் வைத்து, மறுபக்கம் தலையில் சிறு சுத்தியலால் தட்டுங்கள். நல்ல போல்ட் ஒற்றை ஒலியாகக் கணீரென்னும். மெலிந்தது மந்தமாக ஒலிக்கும். விரலடியில் நட்டு அதிரும். ஒரு மூட்டில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே கழற்றி, மற்றவை இறுகியிருக்க, அந்த நடுப்பகுதியைப் பாருங்கள். மாற்றும்போது 316 ரக ஸ்டெயின்லெஸ் போடலாம், இறுகிப் பிடிக்காத பசை தடவி. பெரிய ஸ்டெயின்லெஸ் தகட்டில் சிறிய நாகம் பூசிய போல்ட் போடுவதுதான் கூடாது. சிறியது விரைவில் தின்னப்பட்டுவிடும். பைபர் சுவரில் வெயில் பட்ட பக்கம் இழைகள் மயிர் போல வெளியே நின்றால், கழுவிக் காயவைத்து ரெசின் பூசினால் இன்னும் சில வருடம் ஓடும். கொங்கிறீற்றுத் தொட்டியில் கறள் கோடு தெரிந்து, தட்டினால் வெற்றொலி கேட்டால், மேலே சீமெந்து பூசி மறைப்பது வீண். கம்பி வரை உடைத்துப் பார்க்க வேண்டும்.

விசிறிப் பக்கம் ஏறுமுன் மெயின் சுவிட்சைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போடுங்கள். மின் இல்லாவிட்டாலும் வாடைக்காற்றே விசிறியைச் சுற்றும்; ஒரு இதழைக் கயிற்றால் கட்டவும். கால் வைக்குமுன் மேல்தளத்தையும் ஏணியையும் தட்டிப் பாருங்கள். இதழ்களின் கோணம் ஒன்றுக்கொன்று அரைப் பாகைக்கு மேல் மாறக் கூடாது. பெல்ட் ஓடும் இரண்டு கப்பிகளுக்கு இடைவெளி ஒரு மீட்டர் என்றால் பெல்ட்டை நடுவில் அழுத்தும்போது சுமார் 16 மி.மீ. இறங்க வேண்டும். ஒன்று அறுந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். கியர்பொக்ஸ் எண்ணெய் பாலாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மினரல் எண்ணெய் என்றால் ஆறு மாதத்துக்கொரு தரம் மாற்ற வேண்டும். கியர்பொக்ஸின் காற்றுத் துளை அடைத்திருந்தால் எண்ணெய் சீல் வழியே கசியும். சீலை மாற்றிப் பயனில்லை, துளையைத் திறக்க வேண்டும். அதிர்வு கூடினால் விசிறியை நிறுத்தும் அதிர்வு சுவிட்ச் வேலை செய்கிறதா, இல்லை யாராவது வயரால் குறுக்கே கட்டிவிட்டார்களா என்பதையும் பாருங்கள்.

பில், நொசில், பெல்ட் எல்லாம் மாற்றக்கூடியவை. தூண்களின் அடிமூட்டுக்கள் மெலிந்துவிட்ட டவருக்குப் புது பில் வாங்காதீர்கள். அந்தப் பணம் புது டவருக்குப் போகட்டும்.

வேலை முடிந்து ஓட்டும்போது பம்ப் முதலில், விசிறி பிறகு. தண்ணீர் எல்லா மூலைக்கும் ஒரே அளவில் விழுகிறதா என்று விசிறி நிற்கும்போதே பார்த்துவிடலாம். ஒரு நாள் ஓடியபின் நிறுத்தி, புது பெல்ட்டை மறுபடி இழுத்து, புது போல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்து, அன்றைய ஈரக்குமிழ் அளவையும் தொட்டித் தண்ணீரின் அளவையும் சுமையோடு சேர்த்துப் புத்தகத்தில் எழுதுங்கள். அடுத்த புரட்டாதியில் ஒப்பிட வேண்டியது அந்த எண்களோடுதான்.