இ-டோல் நின்றால் கடனும் நின்றுவிடுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் சிறு சரக்கு வண்டிக்காரர்களுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். சென்ற வாரமும் ஒருவர், பழைய இ-டோல் (மின்னணுச் சாலைச் சுங்கம்) பில்களை ஒரு பிளாஸ்டிக் பை நிறையத் திணித்துக் கொண்டுவந்து, "இதுதான் போய்விட்டதே, குப்பையில் போடலாமா? கடன் ஜோஹன்னஸ்பர்க்காரர்கள் பாடு" என்றார். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்தின் நெடுஞ்சாலைகளை விரிவாக்க, தேசியச் சாலை நிறுவனமான சான்ரல் முதலில் கடன்பத்திரம் விற்றுப் பணம் திரட்டியது. வசூல் தொடங்கியதோ வேலை பெரும்பாலும் முடிந்த பிறகு, 2013 டிசம்பர் 3 அன்றுதான். ஆகவே அந்தச் சுங்கம் சாலை போடுவதற்கான பணமன்று, வாங்கிய கடனை அடைப்பதற்கான பணம். வண்டிக்காரர் கட்டினாலும் கட்டாவிட்டாலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். தடுப்புக்கட்டை இல்லாத சாலையில் கேமரா எண்பலகையைப் படம் பிடிக்குமே தவிர, பணத்தைக் கறந்துவிடாது. மக்கள் இசையவில்லை, 2015-இல் கார்களுக்கான மாதச் சுங்க உச்சவரம்பை 225 ரேண்டாகக் குறைத்தும் பயனில்லை.

2022 அக்டோபரில் நிதியமைச்சர் ஏனோக் கொடொங்வானா, அக்கடனில் 70 விழுக்காட்டை நடுவண் அரசும் 30 விழுக்காட்டைக் கௌட்டெங் மாகாணமும் ஏற்கும் என்று அறிவித்து, சான்ரலுக்கு 2,370 கோடி ரேண்ட் ஒதுக்கினார். வசூல் 2024 ஏப்ரலில் நின்றது. அந்த 70 விழுக்காடு யார் பணம்? கௌட்டெங் சாலையில் சக்கரம் பதிக்காத டர்பன்காரர் கட்டும் வாட் வரியும் அதில் உண்டு. (பருப்புக்கு வாட் கிடையாதே என்று வாதிட வேண்டாம், சோப்புக்கு உண்டு.) "டீசலுக்குக் கட்டும் வரி சாலைக்குத்தானே" என்பதும் தவறு, பொது எரிபொருள் வரி அரசின் பொதுக் கருவூலத்துக்குப் போகிறது, சாலைக்கென்று தனி உண்டியல் கிடையாது.

இனி, வண்டிக்காரர்களுக்கு. வண்டியின் கண்ணாடியில் ஒட்டிய இ-டோல் டேக்கைப் (சுங்கம் கழிக்கும் மின்னணு வில்லையை) பிய்த்தெறியாதீர்கள். டர்பனுக்கு அருகிலுள்ள மேரியன்ஹில் சுங்கச்சாவடியில் அது இன்றும் செல்லும். வண்டியை விற்கும் நாளிலேயே அதைக் கழற்றி, உங்கள் கணக்கிலிருந்து வண்டி எண்ணையும் நீக்கிவிடுங்கள். வரிக்கணக்கில் செலவாகக் காட்டிய சுங்க பில்களை, கணக்கைச் சமர்ப்பித்த நாளிலிருந்து 5 ஆண்டுகள் கட்டாயம் வைத்திருங்கள். வரித்துறை கேட்கும்போது பையைத் தேடி ஓடாதீர்கள். "இ-டோல் பாக்கி" என்று குறுஞ்செய்தி வந்தால், தயவுசெய்து, அதிலுள்ள இணைப்பைத் தொடாமல் முதலில் உங்கள் கணக்காளரைக் கேளுங்கள்.